எடுக்க விடாத கடை

போளூர் ரோட்டில் டயர் கடைக்கும், எப்போது பார்த்தாலும் ஷட்டர் பாதி இறங்கியே இருக்கும் ஒரு சலூனுக்கும் நடுவில் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அதில்தான் பிர்தௌஸ் பதினோரு வருடமாக ஆன்லைன் சென்டர் நடத்துகிறாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விரல் ரேகை வைக்கிற சின்னக் கருவி, பிளாஸ்டிக் நாற்காலி மூன்று. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஆதார் திருத்தம், கரண்ட் பில் என்று எல்லாம் செய்வாள். ஆனால் கடை வாடகையைக் கட்டுவது பி.எஃப். தான்.

வருகிறவர்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டி முப்பதைத் தொடாதவர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரியில் மூன்று வருடம் காண்ட்ராக்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பையன்கள். விடியற்காலையில் வேன் ஏறி செய்யாறு ஷூ கம்பெனிக்குப் போய்வந்து, கல்யாணம் நிச்சயமானதும் நின்றுவிடுகிற பெண்கள். லாட்ஜில் அறை பெருக்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, என் பி.எஃப்.ல எவ்ளோ கீது, எப்ப எடுக்கலாம்?"

மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற பணம் அது. முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அவர் போடுவதில் பெரும்பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும். பத்து வருடம் அப்படிச் சேர்ந்தால் ஐம்பத்தெட்டு வயதிலிருந்து சாகும்வரை மாதம் ஒரு தொகை வரும். வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து எல்லாவற்றையும் எடுக்க அப்போது இரண்டு படிவம் இருந்தது. ஒன்று சேமிப்புக்கு, இன்னொன்று அந்தப் பென்ஷன் பங்குக்கு. இரண்டாவதைப் போட்டால் அதுவரை சேர்ந்த வருடங்கள் அழிந்துபோகும். பிர்தௌஸ் இரண்டையும்தான் போடுவாள். வந்தவர்கள் கேட்டதே "மொத்தமா எடுத்துடுங்க" என்பதுதான். ஒரு தடவைக்கு இருநூறு ரூபாய் கூலி.

வேலையில் இருக்கும்போதே முன்பணம் எடுக்க வருகிறவர்களுக்கு ஏதாவது காரணம் போட வேண்டும். அவள் 'நோய்' என்று போடுவாள். அதற்குத்தான் காகிதம் எதுவும் கேட்கமாட்டார்கள். பைக்குக்கும் நோய், போனுக்கும் நோய், மச்சான் கடை திறப்பதற்கும் நோய். ஊரில் பாதி இளவட்டம் அவளுடைய கம்ப்யூட்டரில் படுத்த படுக்கையாகக் கிடந்தது.

பிர்தௌஸ் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருடம் டைப் அடித்தாள். அங்கே பி.எஃப். எல்லாம் கிடையாது, தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் உண்டு. புருஷன் சாகில் ஆட்டோ ஓட்டுகிறான். பௌர்ணமி இரண்டு நாளும் கிரிவலக் கூட்டத்தில் ஓட்டுவதுதான் மாதத்தின் பாதி வரும்படி. ஒரே மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு எட்டுக்குத்தான் இறக்குவாள். சாயங்காலமானால் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். கண்ணாடி மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒரு வருடமாக மேஜை டிராயரில் இருக்கிறது.

மூன்று வருடம் முன்பு ஒரு சித்திரை வெயிலில் சந்திரம்மாள் வந்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். முழங்கால் இரண்டும் போய்விட்டது, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசற்படியில் ஏறவே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஐம்பத்தெட்டு ஆயிடுச்சி பொண்ணு. பென்சன் வரணுமாமே. எங்கூட சேந்த வாச்மேன் முருகையனுக்கு மாசம் ஆயிரத்துச் சில்ற வருது. எனக்கு ஏன் வரலைனு பாரு."

பிர்தௌஸ் அவளுடைய எண்ணைப் போட்டுப் பார்த்தாள். கடைசி இரண்டு வருடம் மட்டும்தான் இருந்தது.

"எத்தினி வருசமாம்மா வேல செய்றீங்க?"

"பதிமூணு வருசம். அதே ஆஸ்பத்திரி, அதே தொடப்பம். காண்ட்ராக்ட் கம்பெனி பேருதான் மாறிக்கினே இருக்கும். மாறும்போது ரெண்டு மூணு மாசம் சும்மா உக்கார வெச்சிடுவாங்க. அப்பல்லாம் இத எடுத்துத்தான் சோறு தின்னோம்."

"எங்க எடுத்தீங்க?"

சந்திரம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இங்கதான். நீதான எடுத்துக் குடுத்த. மொத வாட்டி அந்தக் கம்பெனிக்காரனே பாரத்துல கைநாட்டு வாங்கிக்கினான். அப்புறம் ரெண்டு வாட்டியும் நீதான்."

பிர்தௌஸ் பழைய நோட்டுகளை எடுத்தாள். வருகிறவர்களின் பேரையும் போன் எண்ணையும் எழுதி வைக்கும் நோட்டுகள். தேடிக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. ஒன்று எட்டு வருடத்துக்கு முந்தியது, இன்னொன்று கொரோனாவுக்கு அடுத்த வருடம். இரண்டு இடத்திலும் அவளுடைய கையெழுத்தில் சந்திரம்மாளின் பேர், பக்கத்தில் 'இரண்டு படிவமும்' என்று ஒரு குறிப்பு.

"அந்த முருகையன் எடுக்கவே இல்லியா?" என்று கேட்டாள்.

"அவனுக்கு ஆதார்ல போன் நம்பர் ஏறல. எங்க போனாலும் ஓடிபி வரலை, போய்ட்டு வானு தொரத்திட்டாங்க. அவனும் வுட்டுட்டான்."

அதனால்தான் அவருக்குப் பென்ஷன் வருகிறது. பிர்தௌஸுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். வருடங்கள் சேர்ந்திருந்தால் வந்திருக்கும், எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் வருடமும் போய்விட்டது, இனி வராது. சந்திரம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பிர்தௌஸ் காத்திருந்தாள்.

"சரி வுடு. அன்னிக்கி நீ எடுத்துக் குடுக்கலைனா என் மவன ஆஸ்பத்திரில இருந்து கூட்டியாந்திருக்க முடியாது. உம்மேல ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு, "இதுக்கு எவ்ளோ தரணும்?" என்று சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

பிர்தௌஸ் வேண்டாம் என்றாள். அந்தப் பொம்பளை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சந்திரம்மாள் படி இறங்கிப் போகும்போதே அடுத்த ஆள் உள்ளே வந்து கரண்ட் பில் அட்டையை நீட்டினான். அதை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரி சாகிலிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கேட்டவங்களுக்குச் செஞ்ச. நீ என்ன திருடுனியா?" என்றான். திருடவில்லைதான். ஆனால் இரண்டாவது படிவம் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், சந்திரம்மாளுக்குத் தெரியாது. சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வரிசையில் ஆள் நின்றது, சொல்லவில்லை.

அந்த வாரமே பேங்க்குக்குப் போய், வேலை கொடுக்க முதலாளி இல்லாதவர்கள் சேர்கிற பென்ஷன் திட்டம் ஒன்றில் தன் பேரைச் சேர்த்தாள். நாற்பது வயதுக்குள் இருந்தால்தான் சேரலாம். அவளுக்கு முப்பத்தேழு. சாகிலுக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. கவுண்டரில் இருந்தவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "பரவால்ல, உன்னுதுல எனக்கும் கொஞ்சம் குடு" என்றான் சாகில். சிரிப்பதற்காகச் சொன்னான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் பேச ஆரம்பித்தாள். வேறு வேலைக்குப் போகிறாயா, அப்படியானால் பழைய கணக்கைப் புதுக் கணக்கோடு சேர்த்துவிடலாம், எடுக்க வேண்டாம். அவசரத் தேவை என்றால் சேமிப்பை மட்டும் எடு, பென்ஷன் பங்கைத் தொடாதே, பத்து வருடம் ஆகட்டும். இதையே நாளைக்கு ஏழெட்டுத் தடவை சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே வார்த்தை தேய்ந்துபோயிற்று.

பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். "பத்து வருசம் கட்டுனா எவ்ளோ வரும்க்கா?" என்று ஒருவன் கேட்டான். அவனுடைய சம்பளத்தைக் கணக்குப் போட்டு, "ஆயிரத்து எழுநூறு வரும்" என்றாள். அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். "அம்பத்தெட்டு வயசுல ஆயிரத்து எழுநூறு. அப்ப ஒரு டீயே நூறு ரூபா இருக்கும்க்கா." அவன் சொன்னதும் தப்பில்லை. சந்திரம்மாளுக்கு இன்றைக்கு அந்த ஆயிரம் ரூபாய் இருந்தால் சிலிண்டரும் மூட்டுவலி மாத்திரையும் ஆகியிருக்கும் என்றாள். அவனுக்குச் சந்திரம்மாள் யாரென்றே தெரியாது.

கணக்கைச் சேர்த்துவிட ஐம்பது ரூபாய்க்கு மேல் கேட்க முடியவில்லை. எடுத்துக் கொடுத்தால் இருநூறு. தெருக்கோடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த புகழேந்தி இதைக் கவனித்தான். ஆவணி மாதம் வாசலில் பேனர் கட்டினான். பி.எஃப். பணம் உடனடியாக, எந்தக் கேள்வியும் கிடையாது என்று. கேள்வி கிடையாது என்பது யாருக்காக எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை தீபம் முடிவதற்குள் பிர்தௌஸின் பி.எஃப். வேலை பாதியாகக் குறைந்தது. வாடகைக்குச் சாகிலின் பௌர்ணமிப் பணத்தைத் தொட வேண்டிவந்தது.

அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டவர்களில் ஒருவன் இளஞ்செழியன். கீழ்பென்னாத்தூர்க்காரன், இருபத்தைந்து வயது. ஒரு டயர் ஃபேக்டரியில் நாலு வருடம் காண்ட்ராக்டில் வேலை செய்துவிட்டு, ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் போட்டதில் உடம்பு தாங்காமல், ஊரிலேயே ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்கு வந்திருந்தான். அங்கேயும் பி.எஃப். உண்டு. ஃபேக்டரிப் பணத்தை எடுக்கத்தான் அவளிடம் வந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரிக்கா, இருக்கட்டும். ரெண்டையும் ஒண்ணா சேத்துடுங்க" என்றான். அவ்வளவு லேசாக யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

விண்ணப்பம் பத்து நாளில் திரும்பி வந்தது. ஆதாரில் அவன் பேரில் உள்ள ழகரத்தை ஆங்கிலத்தில் எல் போட்டு எழுதியிருந்தார்கள். ஃபேக்டரி காண்ட்ராக்டர் இசட்டும் எச்சும் போட்டிருந்தார். இரண்டும் வேறு வேறு ஆள் என்று ஆகிவிட்டது. திருத்த வேண்டுமானால் காண்ட்ராக்டர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். பிர்தௌஸ் அவனுக்குப் போன் செய்து சொன்னாள். "லீவு கெடைக்கறப்ப போறேன்க்கா" என்றான். அவன் போகவில்லை. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மாசி, பங்குனி, பரீட்சை நேரம், சான்றிதழ்க் கூட்டம்.

வைகாசியில் அவனுடைய அப்பா அவலூர்பேட்டை ரோட்டில் வண்டியோடு விழுந்தார். தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. ராடு வைக்க வேண்டும் என்றார்கள். காப்பீட்டு அட்டையில் கொஞ்சம் போனது, மீதிக்கு ஐம்பதாயிரம் வேண்டும். இளஞ்செழியன் நேராக அவளிடம் வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

"எடுத்துக் குடுங்கக்கா. எல்லாரும் போடற நோய் இல்ல, நெஜமாவே ஆஸ்பத்திரிக்குத்தான்."

லாட்ஜ் கணக்கில் எட்டு மாதப் பணம்தான் இருந்தது. ஃபேக்டரிப் பணம் அறுபதாயிரத்துக்கு மேல், அந்த ழகரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"அன்னிக்கே எடுத்திருந்தா என் கையில இருந்திருக்கும். நீங்கதான் வேணாம், வேணாம்னு சொன்னீங்க. இப்ப யாருகிட்ட போய் நிப்பேன்?"

அன்றைக்கு எடுக்கப் பார்த்திருந்தாலும் இதே பேர்ச் சிக்கல்தான் வந்திருக்கும். அவளுக்கு அது தெரியும். ஆனால் பணம் எடுக்கும்போது அது வந்திருந்தால் உடனே ஓடிப்போய்த் திருத்தியிருப்பான், அதுவும் தெரியும். அவன் பைக்கை அடகு வைத்து, வட்டிக்கும் வாங்கி, ஆபரேஷனை முடித்தான்.

காண்ட்ராக்டர் ஆபீசில் போனை எடுக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிர்தௌஸ் ஒரு செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்காமல் இளஞ்செழியனோடு பஸ் ஏறினாள்.

"நீங்க எதுக்குக்கா?" என்றான் அவன். கோபம் போகவில்லை.

"அவங்க கேக்கறதுக்கு உனக்குப் பதில் தெரியாது."

காஞ்சிபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழி முழுக்க அவன் ஜன்னலோரம் தூங்கினான். இரண்டு வாரமாக ராத்திரி ஆஸ்பத்திரியில், பகலில் லாட்ஜில் இருந்தவன். காண்ட்ராக்டர் ஆபீஸ் என்பது ஒரு மாடிப்படிக்கு மேலே இரண்டு அறை. மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் மீட்டிங் என்றார்கள். பிர்தௌஸ் பர்தாவுக்குள் வேர்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழிலரசி என்று ஒரு சின்னப் பெண், கணக்குப் பார்க்கிறவள், எட்டிப் பார்த்தாள். பிர்தௌஸ் அவளிடம் இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த எழுத்தைக் காட்டினாள்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றாள் அந்தப் பெண். ஐந்து நிமிடத்தில் தன் கம்ப்யூட்டரில் ஒப்புதல் போட்டுக் கொடுத்தாள். போட்டுவிட்டுத் தணிந்த குரலில், "எங்களுக்கே இங்க பி.எஃப். ஒழுங்கா போடறாங்களானு எப்படிக்கா பாக்கறது?" என்று கேட்டாள். பிர்தௌஸ் போனில் பாஸ்புக் பார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் இளஞ்செழியன் இரண்டு டீ வாங்கிவந்தான். முப்பத்தெட்டாம் நாள் பணம் அவன் கணக்கில் ஏறியது. சேமிப்பில் எடுக்க முடிந்தது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். முன்பணத்தில் பென்ஷன் பங்கு வராது, ஆகவே அந்த நாலு வருடம் மட்டும் தப்பியது. அவள் அதைச் சொன்னபோது அவன் கையை உயர்த்தினான்.

"வட்டி மட்டும் ஆறாயிரம் போச்சுக்கா. இனிமே இதப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் பிர்தௌஸ் நினைத்தாள். வருகிறவர்களிடம் ஒரு தடவை சொன்னாள். கேட்டால் சரி, கேட்காவிட்டால் இரண்டு படிவத்தையும் போட்டாள், இருநூறு ரூபாய் வாங்கினாள். யாருக்காக இவ்வளவு தொண்டைத் தண்ணீர். தன் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் வரப்போகிறது. கண்ணாடி இன்னும் மாற்றவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். பின்னால் இருந்த பெண் மட்டும் இறங்கி உள்ளே வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும், லாட்ஜ் சீருடை. வந்ததும் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"அக்கா, என் பேரு கவிநிலா. அடி அண்ணாமலை. நானும் இளஞ்செழியன் அண்ணனும் ஒரே லாட்ஜுதான்."

பிர்தௌஸ் நாற்காலியைக் காட்டினாள். "சொல்லும்மா."

"அவரு எப்பவும் உங்களத் திட்டிக்கினே இருப்பாரு. அந்தக் கடைக்கு மட்டும் போயிடாதீங்க, பணத்த எடுக்கவே வுடமாட்டாங்கனு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதான் இங்க வந்தேன்."

பிர்தௌஸுக்கு உடனே புரியவில்லை.

"வெளிய நிக்கறது எங்க அண்ணன். டாட்டா ஏசி லோடு வண்டி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருதாம். முன்பணம் கொறையுது. உன் பி.எஃப். சும்மாதான கெடக்குது, எடுத்துக் குடுனு ஒரு மாசமா வூட்ல தெனமும் சண்ட. நான் வேலைக்கு வந்து மூணு வருசம் ஆவுது. என் பேர்ல இருக்கறது அது ஒண்ணுதான். நான் முடியாதுனு சொன்னா எங்கம்மா அழுவுது. நீங்க சொன்னா அவன் கேப்பான். எடுக்க முடியாதுனு சொல்லிடுங்கக்கா."

பிர்தௌஸ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்லச் சொல்றியா?"

"உங்களுக்குத்தான் தெரியும், எது பொய் எது நெஜம்னு."

கணக்கைத் திறந்து பார்த்தாள். வேலையில் இருக்கிற ஆள். வேலையில் இருக்கும்போது முழுப் பணத்தையும் எடுக்க முடியாது. அண்ணன் வண்டி வாங்க என்று விதியில் ஒரு காரணமும் கிடையாது. நோய் என்று போட்டால் கொஞ்சம் எடுக்கலாம், எல்லோரும் போடுகிற மாதிரி. அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். தூறலில் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். பார்க்க ஒன்றும் கெட்டவனாகத் தெரியவில்லை. தங்கச்சி மாதிரியே களைத்த முகம்.

"தம்பி, உங்க தங்கச்சி வேலையில இருக்காங்க. வேலையில இருக்கறவங்க முழுசா எடுக்க முடியாது. அதான் சட்டம்."

"தெருக்கோடிக் கடையில எடுத்துக் குடுக்கறாங்களாமே."

"உங்க தங்கச்சிக்கு நோய்னு எழுதி எடுப்பாங்க. நான் எழுதமாட்டேன். கல்யாணம் பண்ணப்போற பொண்ணு பேர்ல கவர்மெண்ட் கணக்குல நோய்னு ஏறணுமா?"

அது எந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன் யோசித்தான். "அப்ப கொஞ்சங்கூட வராதா?"

"வண்டிக்கு லோன் குடுக்கறாங்க. சிறுதொழில் திட்டத்துல மானியம் இருக்கு. வாங்க, அதுக்கு வேணா விண்ணப்பம் போடறேன்."

அவன் வண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்தான். அரைமணி நேரம் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தைப் போட்டுக்கொண்டு போனான். போவதற்குமுன் கவிநிலா பேனா வாங்குவது மாதிரி மேஜைப் பக்கம் வந்தாள். பிர்தௌஸ் மெதுவாகச் சொன்னாள். "ஓடிபி உன் போனுக்குத்தான் வரும். யாருகிட்டயும் சொல்லாத. பாஸ்வேர்ட மாத்திட்டேன், இந்தச் சீட்டுல இருக்கு, மனப்பாடம் பண்ணிட்டுக் கிழிச்சிடு."

"எவ்ளோக்கா தரணும்?"

முடியாது என்று சொன்னதற்கு என்ன கூலி வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து அதே லாட்ஜிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பணத்தை எடுக்கச் சொல்லி நெருக்குவது ஒருத்திக்கு மாமியார், இன்னொருத்திக்கு அப்பா. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷூ கம்பெனி வேனில் போகிற நாலு பேர் சேர்ந்து வந்தார்கள், அவர்களில் ஒருத்திதான் உண்மையாகவே சேமிப்பைப் பற்றிக் கேட்டாள், மற்ற மூன்று பேருக்கும் எடுக்க முடியாது என்று வீட்டில் சொல்ல ஒரு பேச்சு வேண்டும். கல்யாணம் ஆனதும் நின்றுவிட்ட ஒருத்தி புருஷனோடு வந்தாள். அவள் வேலையை விட்டவள் என்பதால் விதி புருஷன் பக்கம் இருந்தது. பிர்தௌஸ் என்ன சொல்லியும் பயனில்லை, பென்ஷன் பங்கையாவது தொடாமல் வைக்க முடிந்தது. இன்னொருத்தி ஒரு வாரம் கழித்துப் புகழேந்தி கடையில் எடுத்துவிட்டாள் என்று பிர்தௌஸ் கேள்விப்பட்டாள். எத்தனை பேர் பத்து வருடம் தாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியும்போது அவளுக்கே ஐம்பது வயது நெருங்கியிருக்கும்.

"முடியாதுனு சொல்றதுக்கு முப்பது ரூபா போடு" என்றான் சாகில். வேடிக்கைக்குச் சொன்னதுதான். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு உண்மையாகவே முப்பது ரூபாய் வாங்க ஆரம்பித்தாள். கணக்கைப் பார்த்து, பாஸ்வேர்டு மாற்றி, வாரிசுப் பேர் பதிந்து, வெளியே நிற்கிறவரிடம் பேசவும் சேர்த்து. பெண்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். வாடகை அதில் வந்துவிடாது. ஆனால் சாகிலின் பணத்தைத் தொடுவது ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் என்று குறைந்தது.

இளஞ்செழியன் அந்தப் பக்கம் வரவில்லை. அவன் அப்பா கம்பு ஊன்றி நடக்கிறார் என்று கவிநிலா சொன்னாள். அவன் இப்போதும் லாட்ஜில் பிர்தௌஸைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறானாம்.

"திட்டட்டும்" என்றாள் பிர்தௌஸ். "நிறுத்தச் சொல்லாத."

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் கண் எரிச்சல் தாங்காமல் ஏழு மணிக்கே ஷட்டரை இறக்கப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடை, பத்தொன்பது இருபது வயது இருக்கும், கையில் ஃபினாயில் வாடை.

"அக்கா, மூடாதீங்க. இந்தக் கடைதான?"

"எந்தக் கடை?"

அந்தப் பெண் தயங்கினாள். "எடுக்க வுடாத கடை."

பிர்தௌஸ் பாதி இறங்கிய ஷட்டரைப் பிடித்தபடி நின்றாள். காலையிலிருந்து இது எத்தனையாவது ஆள் என்று எண்ணிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில், மூன்று நிழல்கள் தெரிந்தன.

"யாரு நிக்கறாங்க?"

"மாமாவும் அத்தையும். கூட எங்கம்மா."

"மூணு பேரா?"

"ஆமாங்க்கா."

"சரி, உள்ள வந்து உக்காரு. தண்ணி அங்க இருக்கு, குடி" என்று சொல்லிவிட்டு, பிர்தௌஸ் ஷட்டரைத் திரும்ப மேலே தூக்கினாள்.